ஒரே ஈரல்காரர்கள்

வலக்கையைத் தலைக்குப் பின்னால் மடித்து
மல்லாந்து கிடக்கிறார் கோம்போசுரேன்.
விலா எலும்பு இரண்டின் நடுவே
பசை தடவிக் கருவியை வைக்கிறேன்.
பத்துத் தட்டு,
உள்ளே யாரோ உறங்குவது தெரிந்தே
கதவைத் தட்டுவது போல.
இளகிய ஈரலில் அலை நிதானமாய்ப் போகும்,
இறுகியதில் விரைந்தோடும்.
கல்லில்தான் சேதி சீக்கிரம் சேர்கிறது.

பதினாறு புள்ளி ஒன்று.
போன முறை பதினெட்டரை.
"குறைந்திருக்கிறது" என்றேன்.
"குதிரை விலையா?" என்றார்.
பால்தேநீர் குடிக்காமல் வந்த கோபம் அவருக்கு.
மூன்று மணி நேரம் வெறும் வயிறு என்பது விதி.

உலியாஸ்தாய் மருத்துவமனையில்
எங்களுக்கு ஒரே அறை, ஒரே குளிர்பெட்டி.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
மருந்தைக் குளிரவைக்க அல்ல,
உறையாமல் காக்கத்தான் இங்கே அந்தப் பெட்டி.

டெல்டா வைரஸுக்குச் சொந்தச் சட்டை கிடையாது.
பி வைரஸின் சட்டையை இரவல் வாங்கித்தான்
வெளியே கிளம்பும்.
இரண்டும் சேர்ந்து குடியேறிய உடம்புகளைத் தேடி
ஆய்வுக்குச் சேர்த்தோம், நூற்றுப் பன்னிரண்டு பேர்.
கணினி குலுக்கிப் போட்டது.
அண்ணன் கோம்போசுரேனுக்கு வாரம் ஓர் ஊசி, இன்றே.
தம்பி ஷாரவுக்கு அதே ஊசி,
நாற்பத்தெட்டு வாரம் கழித்து.
இருவரும் கையெழுத்திட்டார்கள்.
ஷாரவ் மட்டும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்,
வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று.

இருபத்து நான்காம் வாரம்.
காலிக் குப்பிகளை எண்ணினேன்.
தோல்பை நிறையக் கொண்டு வந்திருந்தார் கோம்போசுரேன்,
ஒன்றும் குறையவில்லை.
ஷாரவின் ரத்தத்தில்தான் கணக்கு உதைத்தது.
மருந்தே இல்லாத வரிசையில்
வைரஸ் நூறில் ஒன்றாய்ச் சரிந்திருந்தது.
குழாய் மாறிவிட்டது என்றது உலான்பாத்தர் ஆய்வகம்.
மறுபடி எடுத்தோம். அதே எண்.

"சட்டையைத் தூக்கு" என்றேன்.
தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி
கடுகு கடுகாய்ப் புள்ளிகள்,
அண்ணனுக்கு நான் கற்றுக்கொடுத்த அதே இடம்.
என் ஈரக்குலை பதறியது.

ஒற்றை வாரம் அவருக்கு, இரட்டை வாரம் இவனுக்கு.
பத்தொன்பது கிலோமீட்டர் பனியில்
கம்பளி சுற்றி, அக்குளில் இடுக்கி
மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறது மருந்து.
"பள்ளிக்கூடத்தில் ஒரே கண்ணாடி ஊசியால்
எங்கள் வகுப்புக்கே குத்தினார்கள்" என்றார் கோம்போசுரேன்.
"நோய் ஒரே ஊசியில்தானே வந்தது?
மருந்துக்கு மட்டும் ஏன் இரண்டு வரிசை?"

பதில் எனக்குத் தெரியும்.
வரிசை இல்லாவிட்டால்
எது மருந்தின் வேலை, எது காலத்தின் வேலை என்று
யாராலும் சொல்ல முடியாது.
சொன்னேன் கூட.
தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்,
வானிலை அறிக்கை கேட்பது போல.

விதிமீறல் படிவம்.
காரணம், ஒன்றைத் தேர்க:
மறதி. பயணம். பக்கவிளைவு. மற்றவை.
மற்றவைக்கு நாற்பது எழுத்து.
எங்கள் மொழியில் உறவுக்காரனை
'எலெக் நெக்த்' என்போம்,
ஒரே ஈரல்காரன்.
அதை எழுதினேன். இடம் மிச்சமிருந்தது.

டாக்டர் ஞாம்துலாம் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
அழுக்கு ஏதும் இல்லாத கண்ணாடி.
"இரண்டு பேரையும் கணக்கிலிருந்து எடுத்துவிடு.
மிச்ச மருந்து பற்றிக் குழுவுக்கு எழுதுகிறேன்."
எழுதி மூன்று வாரம் ஆகிறது.
பதில் வரவில்லை. பாதையும் திறக்கவில்லை.
பெட்டியில் இருபத்து நான்கு குப்பிகள்.
காலையும் மாலையும் வெப்பம் குறிக்கிறேன்:
நான்கு. நான்கு. ஐந்து. நான்கு.

கோம்போசுரேன் எழுந்து
பசையைத் தொப்பியால் துடைக்கிறார்.
அந்தச் சூடு ஆறுவதற்குள்
மெத்தையில் ஏறிப் படுக்கிறான் ஷாரவ்,
கேட்காமலே வலக்கையைத் தலைக்குப் பின்னால் மடித்து.
ஆய்வில் இல்லாதவன் ஈரலை
அளக்கக் கூடாதென்று எங்கும் எழுதியிருக்கவில்லை.
பின்பக்கமும் பார்த்துவிட்டேன்.

மூச்சைப் பிடி.
ஒன்று.
இரண்டு.